எது எதைக் கொண்டு முடிகிறது? தமிழ் வாக்கியத்துக்குச் சார்பு மரம் வரைந்து, பகுப்பியைப் பழக்கும் முறை

"சித்திரை முழுநிலவு நாளில் கள்ளழகர் பச்சைப் பட்டு உடுத்தி வைகை ஆற்றில் இறங்கினார்."

மதுரைப் பள்ளிப் பிள்ளைக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. கணினிக்கு இது பத்துச் சொற்களும் ஒரு முற்றுப்புள்ளியும் மட்டுமே. பட்டு உடுத்தியது யார், நாளுக்கும் இறங்குவதற்கும் என்ன உறவு, பச்சை எது என்பதெல்லாம் அதற்கு எழுதிக் கொடுத்தால்தான் தெரியும். அப்படி எழுதிக் கொடுப்பதற்குச் சார்பு மரம் வரைதல் என்று பெயர். போதுமான மரங்களைப் பார்த்த பிறகு புது வாக்கியத்துக்குத் தானே மரம் வரையும் மென்பொருள்தான் பகுப்பி. பார்சர் என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த வேலையின் பாதி ஏற்கெனவே தெரியும். பெயரெச்சம் பெயரைக் கொண்டு முடியும், வினையெச்சம் வினையைக் கொண்டு முடியும், வேற்றுமை ஏற்ற பெயர் வினையையோ பெயரையோ கொண்டு முடியும் என்று படித்திருப்போம். அந்த 'கொண்டு முடிதல்'தான் சார்பு. ஒரு சொல் எதைக் கொண்டு முடிகிறதோ அது அதன் தலைச்சொல். பிரெஞ்சு மொழியியலாளர் லூசியன் டெனியேர் வினையை நடுவில் வைத்து வாக்கியத்தை மரமாக வரைந்து காட்டிய நூல், அவர் இறந்த பிறகு 1959-ல் வெளிவந்தது. இன்றைய சார்பிலக்கணத்தின் தொடக்கமாக அதைத்தான் சொல்வார்கள். அவர் பெயர் தெரியாமலேயே இந்த வேலையைச் செய்யலாம். எச்சமும் வேற்றுமையும் தெரியாமல் செய்ய முடியாது.

மரத்துக்கு மூன்று கட்டாயங்கள் உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே ஒரு தலைச்சொல்தான் இருக்க வேண்டும். ஒரே ஒரு சொல் மட்டும் எதையும் சாராமல் வேராக நிற்க வேண்டும். எந்தச் சொல்லிலிருந்து மேலே ஏறினாலும் சுற்றிச் சுற்றி வராமல் வேருக்குப் போய்ச் சேர வேண்டும். மேலே உள்ள வாக்கியத்தின் மரத்தை வரிவரியாக எழுதினால் இப்படி வரும்:

1 சித்திரை – தலைச்சொல் 2 – பெயரடை
2 முழுநிலவு – தலைச்சொல் 3 – பெயரடை
3 நாளில் – தலைச்சொல் 10 – வேற்றுமைச் சார்பு
4 கள்ளழகர் – தலைச்சொல் 10 – எழுவாய்
5 பச்சைப் – தலைச்சொல் 6 – பண்படை
6 பட்டு – தலைச்சொல் 7 – செயப்படுபொருள்
7 உடுத்தி – தலைச்சொல் 10 – வினையெச்சத் தொடர்
8 வைகை – தலைச்சொல் 9 – பெயரடை
9 ஆற்றில் – தலைச்சொல் 10 – வேற்றுமைச் சார்பு
10 இறங்கினார் – தலைச்சொல் 0 – வேர்
11 . – தலைச்சொல் 10 – நிறுத்தற்குறி

கள்ளழகர்தான் உடுத்தியவர், இறங்கியவரும் அவரே. ஒரே தலைச்சொல்தான் உண்டு என்பதால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். 'ஆர்' விகுதி இறங்கினார் என்பதில் இருக்கிறது. எழுவாயோடு திணை, பால், எண் ஒத்துப் போவது முற்றுவினைதான், ஆகவே கோடு அங்கே போகிறது. "மழை பெய்து குளம் நிறைந்தது" என்றால் கதை வேறு. அங்கே பெய்தது மழை, நிறைந்தது குளம். மழை 'பெய்து'வையும் குளம் 'நிறைந்தது'வையும் சாரும்.

எந்த விதித்தொகுப்பை எடுப்பது?

யூனிவர்சல் டிபெண்டென்சீஸ், சுருக்கமாக யு.டி. இதை விட்டு வேறொன்றைத் தேடாதீர்கள். இதன் இரண்டாம் பதிப்பில் 17 சொல்வகைகளும் 37 உறவுகளும் இருக்கின்றன. உலக மொழிகள் பலவற்றுக்கும் ஒரே பெயர்ப்பட்டியல்தான். தமிழுக்கு அதில் இரண்டு மரத்தொகுப்புகள் உண்டு. ஒன்று, பிராக் நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் லோகநாதன் ராமசாமி உருவாக்கிய தொகுப்பிலிருந்து வந்தது. அதில் 600 செய்தி வாக்கியங்கள் இருக்கின்றன. மற்றொன்று தாமஸ் லேமன் எழுதிய தற்காலத் தமிழ் இலக்கண நூலின் எடுத்துக்காட்டு வாக்கியங்களைக் கொண்டது. அதில் 534 வாக்கியங்கள், பெரும்பாலும் குட்டி வாக்கியங்கள். சந்தேகம் வரும்போதெல்லாம் இந்த இரண்டிலும் அதே அமைப்பு எப்படி வரையப்பட்டிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். இரண்டும் சில இடங்களில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அப்போது ஒன்றைத் தேர்ந்து, காரணத்தோடு உங்கள் விதி ஏட்டில் எழுதி வையுங்கள்.

கோப்பில் உறவுப் பெயர்களை யு.டி. வகுத்த ஆங்கிலச் சுருக்கத்தில்தான் எழுத வேண்டும். எழுவாய்க்கு என்சப்ஜ், செயப்படுபொருளுக்கு ஆப்ஜ், வேற்றுமைச் சார்புக்கு ஆப்ல், வினையெச்சத் தொடருக்கு அட்வ்சிஎல், பெயரெச்சத் தொடருக்கு ஏசிஎல். மாணவர்களிடம் வேலையைக் கொடுக்கும்போது தமிழ்ப் பெயர் ஒரு பக்கமும் சுருக்கம் மறுபக்கமுமாக ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள். தமிழ்ப் பெயரில் யோசித்துச் சுருக்கத்தில் எழுதுபவர்கள் குறைவாகத்தான் தவறு செய்கிறார்கள்.

வாக்கியம் சேர்ப்பதும் எழுத்தைச் சுத்தம் செய்வதும்

முதல் சுற்றுக்கு 200 வாக்கியம் போதும். ஒவ்வொன்றிலும் 6 முதல் 15 சொற்கள் இருக்கட்டும். ஒரே மாதிரி வாக்கியங்களாகச் சேர்க்காதீர்கள். திருவிழா அறிவிப்பு, பூச்சந்தை விலைச் செய்தி, பேருந்து நிலைய அறிவிப்பு, சமையல் குறிப்பு, பேச்சு என்று கலந்து எடுங்கள். யாருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள வாக்கியத்தைத் தள்ளிவிடுங்கள். மதுரைத் திட்டம் 1998 முதல் இலவசமாக மின்னாக்கம் செய்து தரும் இலக்கியங்கள் பெரும் சொத்துதான், ஆனால் செய்யுளை முதல் தொகுப்பில் சேர்க்க வேண்டாம். கொண்டுகூட்டிப் பொருள் கொள்ள வேண்டிய பாட்டில் மனிதர்களே தலைச்சொல்லைத் தேடி அலைவார்கள். இருநூறு செய்யுள் வரியை வைத்துக்கொண்டு இயந்திரம் அதைக் கற்காது.

எழுத்துச் சுத்தத்தைப் பலரும் தாண்டிப் போகிறார்கள், பிறகு பட்ட பாடு தீருவதில்லை. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது, கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். எல்லாக் கோப்பையும் என்.எஃப்.சி. என்ற யூனிகோடு ஒழுங்கு வடிவத்துக்கு மாற்றினால் இது சரியாகும். ஔ என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக ஒ-வும் ள-வும் தட்டியிருந்தால் என்.எஃப்.சி. கண்டுபிடிக்காது. காலுக்குப் பதில் 'ர' தட்டியிருந்தாலும் கண்டுபிடிக்காது. ஸ்ரீ என்ற எழுத்தும் இரண்டு விதமாகத் தட்டப்படுகிறது. இவற்றுக்குத் தேடி மாற்றும் ஒரு சிறு பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளையும் நீக்கிவிடுங்கள்.

வாக்கியத்தை முற்றுப்புள்ளியில் வெட்டும்போது 'ரூ.250', 'எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம்' போன்றவை துண்டாகிப் போகும். புள்ளிக்குப் பின் இடைவெளி இல்லாவிட்டாலோ, புள்ளிக்கு முன் ஓரெழுத்துச் சுருக்கம் இருந்தாலோ வெட்டாதே என்று விதி போட்டால் பெரும்பாலானவை தப்பிக்கும். மீதியைக் கையால் திருத்துங்கள்.

சொல்லைப் பிரித்தல்

மரம் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். எழுத்தில் ஒரே சொல்லாக இருப்பது இலக்கணத்தில் இரண்டு மூன்று சொல்லாக இருக்கும். 'வந்துகொண்டிருந்தான்' என்பது வந்து, கொண்டு, இருந்தான். 'மாட்டுத்தாவணியிலிருந்து' என்பது மாட்டுத்தாவணியில், இருந்து. 'இல்லையென்றால்' என்பது இல்லை, என்றால். யு.டி. கோப்பில் இதற்கு வழி இருக்கிறது. முதலில் '3-5' என்று எல்லை எண் போட்டு எழுத்தில் உள்ள முழு வடிவத்தை எழுதி, அதற்குக் கீழே 3, 4, 5 என்று பிரித்த சொற்களை எழுதலாம். எல்லை வரிக்குத் தலைச்சொல்லும் உறவும் கிடையாது, அந்தக் கட்டங்களில் அடிக்கோடு மட்டும் வரும்.

வேற்றுமை உருபைப் பிரிக்காதீர்கள். 'ஆற்றில்' ஒரே சொல், ஏழாம் வேற்றுமை என்பது கோப்பில் வேற்றுமை, எண் போன்றவற்றை எழுதும் 'கூறுகள்' கட்டத்தில் போகட்டும். சொல்லுருபுகளைப் பிரியுங்கள். 'கோயிலைப்பற்றி' என்று சேர்த்து எழுதியிருந்தால் கோயிலை, பற்றி என்று ஆகும். 'பற்றி' கோயிலைச் சாரும், கோயில் வினையைச் சாரும். 'பற்றி'யைத் தலையாக்கி அதன் கீழே கோயிலைத் தொங்கவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. யு.டி.யில் பொருள் தரும் சொல்தான் தலை, இலக்கண வேலை மட்டும் செய்யும் சொல் அதன் கீழே நிற்கும்.

உம்மையைப் பிரிப்பதா வேண்டாமா என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். பிரிப்பதே நல்லது என்பது என் கருத்து. ஏனென்றால் "மல்லிகையும் பிச்சியும் வாங்கினாள்" என்பதில் உள்ள உம்மை இணைக்கிறது, "அவனும் வந்தான்" என்பதில் உள்ள உம்மை முன்பே வந்தவர்களோடு சேர்க்கிறது. பிரித்தால்தான் இரண்டுக்கும் வேறு வேறு உறவு கொடுக்க முடியும். பாதியில் மனம் மாறினால் முதலில் வரைந்த மரங்கள் எல்லாம் வீணாகும்.

வேர்வடிவம், அதாவது உருபும் விகுதியும் நீங்கிய அடிச்சொல், எழுதும்போது சந்தியை எடுத்துவிட வேண்டும். 'பச்சைப்' என்பதன் வேர்வடிவம் 'பச்சை'. 'மதுரைக்குப்' என்பதற்கு 'மதுரை'. 'ஆற்றில்' என்பதற்கு 'ஆறு'. சொல்வடிவக் கட்டத்தில் மட்டும் ஒற்றை விட்டுவையுங்கள், அது பகுப்பிக்குத் துப்பு. "வேலை கொடுத்தான்", "வேலைக் கொடுத்தான்" என்ற பழைய எடுத்துக்காட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டிலும் மரம் ஒன்றே, இரண்டிலும் செயப்படுபொருள்தான். ஆனால் ஒரு ககர ஒற்று வேர்வடிவத்தை 'வேலை'யிலிருந்து 'வேல்' என்று மாற்றுகிறது, கூறுகள் கட்டத்தில் இரண்டாம் வேற்றுமையைக் கொண்டுவருகிறது. வடிவப் பகுப்புக்குத் தமிழிமார்ஃப் என்ற கருவி கிடைக்கிறது. அது ஒரு சொல்லுக்கு எல்லா வாய்ப்புகளையும் பட்டியலிடும். எது சரி என்பதை வாக்கியத்தைப் பார்த்து நீங்கள்தான் தேர வேண்டும்.

மரம் வரையும் வரிசை

இடமிருந்து வலமாகச் சொல் சொல்லாகப் போகாதீர்கள். வேரிலிருந்து தொடங்குங்கள்.

வேர் பெரும்பாலும் கடைசி வினை. அந்த வினை துணைவினையாக இருந்தால் அதற்கு முன்னால் உள்ள பொருள்தரும் வினைதான் வேர். 'எழுதி விட்டான்' என்பதில் 'எழுதி' வேர், 'விட்டான்' அதைச் சாரும் துணைவினை. நம் மரபிலக்கணத்தில் வினைமுற்றுதான் முடிக்கும் சொல் என்பதால் இது முதலில் உறுத்தும். பல மொழிகளை ஒரே அளவுகோலில் வைக்க யு.டி. போட்ட விதி இது, அதை அப்படியே பின்பற்றுங்கள். வினையே இல்லாத வாக்கியமும் உண்டு. "இது மதுரை மல்லிகை" என்பதில் 'மல்லிகை'தான் வேர், 'இது' அதன் எழுவாய்.

துணைவினையா தனிவினையா என்பதில்தான் அதிகச் சண்டை வரும். விடு, இரு, கொள், போடு, வை, பார், கொடு, வா, போ ஆகியவை இரண்டு வேஷமும் போடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெயர்ச்சொல்லை நுழைத்துப் பாருங்கள். "பூ வாங்கி வந்தான்" என்பதை "பூ வாங்கி வீட்டுக்கு வந்தான்" என்று சொன்னாலும் பொருள் நிற்கிறது, அதனால் 'வந்தான்' தனிவினை, அதுவே வேர். "விலை கூடி வந்தது" என்பதன் நடுவில் 'வீட்டுக்கு' நுழையாது. விலை எங்கும் நடந்து வரவில்லை. அங்கே 'வந்தது' துணைவினை. "கதவைத் திறந்து பார்த்தான்" போன்றவை இரண்டு பக்கமும் போகும். முன்பின் வாக்கியத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள், முடியாவிட்டால் தனிவினை என்று வையுங்கள்.

அடுத்து எச்சங்களைப் பிடியுங்கள். வினையெச்சம் தனக்குப் பின்னால் வரும் வினையைத் தேடும், பெயரெச்சம் தனக்குப் பின்னால் வரும் பெயரைத் தேடும். தேடுவது அடுத்த சொல்லாகவே இருக்க வேண்டியதில்லை. "2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகையை வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள்" என்பதில் 'பெற்ற' என்பதற்கு அடுத்த சொல் மதுரை. குறியீடு பெற்றது ஊர் அன்று, பூ. ஆகவே 'பெற்ற', 'மதுரை' இரண்டும் 'மல்லிகையை' என்பதைச் சாரும். '2013-ல்', 'குறியீடு' இரண்டும் 'பெற்ற' என்பதைச் சாரும். எழுவாய் இந்த வாக்கியத்தில் இல்லை. 'ஆர்கள்' விகுதி யாரோ பலர் என்று சொல்கிறது, அதற்காக இல்லாத சொல்லை நுழைக்கக் கூடாது.

பெயரெச்சம் கொள்ளும் பெயர் செய்பவனாக இருக்கலாம், கருவியாக, நிலமாக, செயலாக, காலமாக, செய்பொருளாகவும் இருக்கலாம் என்று நன்னூல் ஆறாகச் சொல்லும். பூ கொடுத்த பெண், பூ கொடுத்த இடம், பூ கொடுத்த நாள் ஆகிய மூன்றுக்கும் சார்பு மரத்தில் ஒரே கோடுதான், ஒரே பெயர்தான். இந்த வேறுபாட்டை மரம் சொல்லாது. அது உங்களுக்குத் தேவையென்றால் 'பிற' கட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள், உறவுப் பெயரை மாற்றிவிடாதீர்கள்.

"தெப்பக்குளத்தில் பார்த்த நண்பரின் தம்பி" என்று வரும்போது பார்த்தது நண்பரையா தம்பியையா? சூழல் சொன்னால் அதன்படி வரையுங்கள். சொல்லாவிட்டால் பக்கத்துப் பெயரைக் கொள்ளுங்கள், விதி ஏட்டில் அப்படியே எழுதுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாக வரைந்து வைப்பதைவிட, இருவரும் ஒரே மாதிரி வரைவது பகுப்பிக்கு நல்லது.

பிறகு வேற்றுமைப் பெயர்கள். ஐ உருபு பெரும்பாலும் செயப்படுபொருள். உருபு இல்லாத அஃறிணைப் பெயர் வினைக்கு அருகில் நின்றால் அதுவும் செயப்படுபொருளாக இருக்கலாம், மேலே 'பட்டு உடுத்தி' என்பதைப் போல. கு உருபில் கவனம் வேண்டும். "எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்" என்பதில் வினை தங்கையோடு ஒத்துப்போகிறது, தங்கை எழுவாய், 'எனக்கு' வேற்றுமைச் சார்பு. "எனக்கு அவனைப் பிடிக்கும்" என்பதில் எழுவாய் வடிவத்தில் ஒன்றுமே இல்லை, அவனை என்பது இரண்டாம் வேற்றுமை. பிடித்திருப்பதை உணர்பவர் 'எனக்கு'. இதை எழுவாய் உறவிலேயே ஒரு துணைவகையாகக் குறிப்பது பின்னால் பயன்படும். பசிக்கிறது, தெரியும், புரிகிறது, வேண்டும் எல்லாம் இதே குடும்பம்.

'என்று' வரும் வாக்கியத்தில் முற்றுவினை இரண்டு இருக்கும். "அழகர் நாளை வருவார் என்று பூக்காரி சொன்னாள்" என்பதில் 'சொன்னாள்' வேர். 'வருவார்' அதன் நிரப்புத் தொடர். 'என்று' வெறும் குறிச்சொல்லாக 'வருவார்' என்பதைச் சாரும். அழகர் 'வருவார்' என்பதன் எழுவாய், பூக்காரி 'சொன்னாள்' என்பதன் எழுவாய். இதில் 'என்று' என்பதை வினையாக எண்ணி வேருக்கும் 'வருவார்' என்பதற்கும் நடுவில் நிறுத்துபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கோப்பு முழுவதும் ஒரு அடுக்கு கூடிப்போகும்.

இணைப்பில் யு.டி.யின் விதி, முதல் சொல்லே தலை என்பது. மல்லிகை வினையைச் சாரும், பிச்சி மல்லிகையைச் சாரும். தமிழில் உருபு பட்டியலின் கடைசியில்தான் ஒட்டும் என்பதால் "மல்லிகை, பிச்சி, கனகாம்பரம் ஆகியவற்றை வாங்கினாள்" என்று வரும்போது இடிக்கும். உருபைத் தாங்கும் 'ஆகியவற்றை' என்பதைச் செயப்படுபொருளாக வைத்து, மல்லிகையை அதன் கீழும் மற்ற இரண்டையும் மல்லிகையின் கீழும் வைப்பது ஒரு வழி. எந்த வழியை எடுத்தாலும் தொகுப்பு முழுவதும் அதுவே இருக்கட்டும். நிரனிறையாகப் பொருள் கொள்ளும் இடங்களில், 'அன்பும் அறனும்' குறளில் அன்பைப் பண்போடும் அறனைப் பயனோடும் சேர்ப்பதுபோல, அந்தப் பொருள் இணைப்பை மரத்தில் கோடாக வரைய முயல வேண்டாம். அது பொருளின் வேலை, தொடரமைப்பின் வேலை அன்று.

மதுரைப் பேச்சு வைக்கும் பொறிகள்

பேச்சுத் தமிழைச் சேர்க்காமல் பழக்கிய பகுப்பி, வாட்ஸ்அப் செய்தி ஒன்றைக் கொடுத்ததும் திணறும். நம் ஊர்ப் பேச்சில் பார்க்க வேண்டிய முதல் இடம் 'ரு'. 'போயிருச்சு' என்பதில் இருப்பது 'இரு' அல்ல, 'விடு'. எழுத்துத் தமிழில் அது 'போய்விட்டது'. 'வந்துருவாரு' என்பது 'வந்துவிடுவார்'. 'வந்திருக்காரு' என்பது மட்டும்தான் உண்மையில் 'இரு', அதாவது 'வந்திருக்கிறார்'. மூன்றையும் 'இரு' என்று வேர்வடிவம் போட்டால் முடிந்த செயலும் நடக்கப்போகும் செயலும் ஒன்றாகிவிடும். சென்னைப் பேச்சின் 'போயிடுச்சு'வை மட்டும் பார்த்து எழுதிய பிரிப்பு நிரல் இங்கே தவறித்தான் போகும்.

இரண்டாவது 'ல'. 'கடைல' என்பது ஏழாம் வேற்றுமை. 'வரல' என்பது வர, இல்லை. 'வாங்கல' என்பது வாங்க, இல்லை. பெயரா வினையா என்று சொல்வகையை முடிவு செய்யாமல் இதைப் பிரிக்க முடியாது. எனவே பேச்சு வாக்கியங்களில் சொல்வகையை முதலில் குறித்துவிட்டுப் பிறகு பிரியுங்கள்.

'வந்தாய்ங்க', 'அவய்ங்க' போன்றவற்றின் வடிவத்தைத் திருத்தாதீர்கள். சொல்வடிவக் கட்டத்தில் பேசியபடியே இருக்கட்டும், வேர்வடிவத்தில் 'வா', 'அவர்' என்று எழுத்துத் தமிழைக் கொடுங்கள். 'அங்கிட்டு', 'இங்கிட்டு' வினையடைகள். பேச்சில் எழுவாய் வினைக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு: "போயிருச்சுப்பா பஸ்ஸு." இதில் 'போய்' வேர், 'விடு'விலிருந்து வந்த 'இருச்சு' துணைவினை, 'ப்பா' விளி, 'பஸ்ஸு' வலப்பக்கத்திலிருந்து வேரைச் சாரும் எழுவாய். இந்த மாதிரி முப்பது நாற்பது வாக்கியமாவது தொகுப்பில் இருந்தால்தான் எழுவாய் வலப்பக்கமும் வரும் என்று பகுப்பி கற்றுக்கொள்ளும்.

இருவர் வரைந்து ஒப்பிடுதல்

முதல் 20 வாக்கியத்தை இரண்டு பேர் தனித்தனியாக, பேசிக்கொள்ளாமல் வரைய வேண்டும். பிறகு வரி வரியாக ஒப்பிடுங்கள். தலைச்சொல் எண் பத்துக்கு ஒன்பது இடத்தில் ஒத்துப்போகாவிட்டால் விதி ஏட்டில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். வரைந்தவர்களைக் குறை சொல்லாதீர்கள். பிசகிய இடங்களை உறவு வாரியாக எண்ணினால் துணைவினை, பெயரெச்சத்தின் தலை, கு உருபு ஆகிய மூன்றிலேயே பெரும்பாலும் குவிந்திருக்கும். அந்த மூன்றுக்கும் இரண்டிரண்டு எடுத்துக்காட்டு கூட்டி எழுதிவிட்டு அடுத்த 20-க்குப் போங்கள்.

பகுப்பி உள்ளே என்ன செய்கிறது?

இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று அடுக்கு வைத்து நகர்த்துவது. யோவாகிம் நிவ்ரே 2003 முதல் வளர்த்த வழி. "பூக்காரி மல்லிகை கட்டினாள்" என்ற வாக்கியத்துக்குக் கையில் ஒரு அடுக்கும் ஒரு வரிசையும் இருப்பதாக நினையுங்கள். பூக்காரியை அடுக்கில் தள்ளு, மல்லிகையைத் தள்ளு, கட்டினாளைத் தள்ளு. மேலே உள்ள இரண்டில் மல்லிகை கட்டினாளைச் சாரும் என்று கோடு போட்டு மல்லிகையை எடுத்துவிடு. பூக்காரிக்கும் அதே. கடைசியில் கட்டினாளை வேரில் கட்டு. மூன்று சொல்லுக்கு ஆறு அசைவு, பத்துச் சொல்லுக்கு இருபது. ஒவ்வொரு அசைவிலும் தள்ளுவதா கோடு போடுவதா என்று தேர்வதைத்தான் இயந்திரம் உங்கள் மரங்களிலிருந்து கற்கிறது.

தமிழில் தலைச்சொல் கடைசியில் வருவதால் சொற்கள் அடுக்கில் குவிந்துகொண்டே போகும், நெடுநேரம் காத்திருக்க வேண்டும். இரண்டு சொல் தள்ளியதுமே அவசரப்பட்டுக் கோடு போட்டால் தவறு. "மதுரை மல்லிகை வாடியது" என்பதில் மதுரை மல்லிகையைச் சாரும், உடனே கோடு போடலாம். "பூக்காரி மல்லிகை கட்டினாள்" என்பதில் அதே இடத்தில் காத்திருக்க வேண்டும். வடிவத்தில் இரண்டும் பெயர், பெயர், வினை. சொல்லின் பொருள் தெரிந்தால்தான் வேறுபாடு தெரியும். பெரிய தமிழ் உரைத்தொகுப்பில் முன்பே பழக்கிய சொல் திசையன்களை, அதாவது ஒவ்வொரு சொல்லின் பயன்பாட்டையும் எண்களாகக் காட்டும் வரிசைகளை, சேர்க்கச் சொல்வது இதற்காகத்தான். சில நூறு வாக்கியத்தில் பூக்காரி ஒருமுறைகூட வராமல் போகலாம், பெரிய தொகுப்பில் வந்திருப்பாள்.

மற்ற வழியில் ஒவ்வொரு சொல் இணைக்கும் மதிப்பெண் போட்டு, மொத்த மதிப்பெண் அதிகமுள்ள மரத்தைத் தேர்வார்கள். ரயன் மக்டொனால்டும் உடனிருந்தவர்களும் 2005-ல் இதை நிலைநாட்டினார்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டினாலும் இந்த வழி கலங்காது. "அந்தப் பூவை நான் வாங்கச் சொன்னேன்" என்பதை வரைந்து பாருங்கள். பூவை 'வாங்க'வைச் சாரும், நான் 'சொன்னேன்' என்பதைச் சாரும், இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும். எளிய அடுக்கு முறையால் இந்த மரத்தை வரையவே முடியாது. தமிழில் சொற்கள் இடம் மாறுவது சகஜம் என்பதால் மதிப்பெண் முறையை எடுப்பதே நல்லது. ஸ்டான்சா என்ற கருவியில் இருப்பது இந்த வகைதான், தமிழுக்குப் பழக்கிய மாதிரியும் அதில் உண்டு. கணினி பழையது, கிராஃபிக்ஸ் அட்டை இல்லை என்றால் யுடிபைப் என்ற கருவியின் முதல் பதிப்பு போதும்.

பழக்கும்போது கெடும் இடங்கள்

கோப்பு கான்எல்எல்-யு வடிவத்தில் இருக்க வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரு வரி, வரிக்குப் பத்துக் கட்டம்: எண், சொல்வடிவம், வேர்வடிவம், பொதுச் சொல்வகை, தனிச் சொல்வகை, கூறுகள், தலைச்சொல் எண், உறவு, கூடுதல் சார்புகள், பிற. கட்டங்களுக்கு நடுவில் டேப் குறிதான் வர வேண்டும். இடைவெளி விசையைத் தட்டியிருந்தால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், கருவி மறுத்துவிடும். காலிக் கட்டத்தில் அடிக்கோடு. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் ஒரு வெற்று வரி, கடைசி வாக்கியத்துக்குப் பின்னும்கூட. எக்செல்லில் திறந்து சேமித்தால் சில இடங்களில் '3-5' என்ற எல்லை எண் தேதியாக மாறிவிடும், வெறும் உரைத் திருத்தியில் மட்டும் திறங்கள். யு.டி. தரும் சரிபார்ப்பு நிரலை ஒவ்வொரு நாள் வேலை முடிவிலும் ஓட்டுங்கள். இரண்டு வேர், வளையம், துணைவினையின் கீழே தொங்கும் சொல் எல்லாவற்றையும் அது வரி எண்ணோடு சொல்லும்.

600 வாக்கியத் தொகுப்பு பழக்கத்துக்கு 400, சரிசெய்ய 80, சோதிக்க 120 என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. உங்களிடம் 200 மட்டும் இருந்தால் அப்படிப் பிரித்தால் சோதனைக்கு மிஞ்சுவது போதாது. பத்துப் பங்காக்கி, ஒன்பதில் பழக்கி ஒன்றில் சோதிப்பதைப் பத்துமுறை செய்து சராசரி எடுங்கள். ஒரே செய்தியிலிருந்து எடுத்த வாக்கியங்கள் பழக்கத்திலும் சோதனையிலும் பிரிந்து கிடந்தால் மதிப்பெண் பொய்யாக ஏறும். செய்தி வாரியாகப் பிரியுங்கள்.

அளவு இரண்டு. தலைச்சொல் மட்டும் சரியாக இருந்த விழுக்காடு ஒன்று, தலைச்சொல்லும் உறவும் சேர்ந்து சரியாக இருந்த விழுக்காடு மற்றொன்று. 120 சொல்லில் 96-க்குத் தலைச்சொல் சரி, அவற்றில் 84-க்கு உறவும் சரி என்றால் முதலாவது 80, இரண்டாவது 70. இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் உறவுப் பெயர் விதிகளில் குழப்பம். இரண்டுமே தாழ்ந்திருந்தால் முதலில் சொல்பிரிப்பைச் சந்தேகியுங்கள். கையால் பிரித்த சொற்களைக் கொடுத்து ஒருமுறை, வெறும் உரையைக் கொடுத்து ஒருமுறை சோதித்தால் பழி யார் மேல் என்று தெரிந்துவிடும்.

அடுத்த 100 வாக்கியத்தை வெறுங்கையால் வரைய வேண்டாம். முதல் பகுப்பியை அவற்றின் மேல் ஓட்டி, அது போட்ட கோடுகளைத் திருத்துங்கள். திருத்துபவர் இயந்திரம் போட்டதை நம்பி விட்டுவிடும் ஆபத்து உண்டு. அதனால் பத்தில் ஒரு வாக்கியத்தை இயந்திரத்தின் விடையைக் காட்டாமல் வேறொருவரிடம் கொடுத்து வரையச் சொல்லி ஒப்பிடுங்கள். 'விடு', 'இரு', 'வா' மூன்றும் வரும் வரிகளை மட்டும் தனியே பொறுக்கி, முதல் வாக்கியத்திலிருந்து மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.